பதினோராவது எண்

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் ட்ரெய்லர் லாரிகளின் வரிசையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நேரம் நிறைய இருக்கும். ஆரன் அடித்துப் பயனில்லை. முன்னால் நிற்கும் கண்டெய்னரின் கதவை நிமிர்ந்து பாருங்கள். வலது கதவின் மேல்பக்கத்தில் நான்கு ஆங்கில எழுத்துகள், ஆறு எண்கள், அதற்குப் பிறகு தனியே ஒரு கட்டத்துக்குள் இன்னோர் எண் இருக்கும். முதல் மூன்று எழுத்துகள் உரிமையாளரின் குறி. நான்காவது எழுத்து பெட்டியின் வகையைச் சொல்லும், பெரும்பாலும் ‘யு’தான். ஆறு எண்கள் அந்தப் பெட்டியின் வரிசை எண். கட்டத்துக்குள் இருக்கும் அந்தக் கடைசி எண் மட்டும் யாரும் சூட்டிய எண் கிடையாது. முன்னால் இருக்கும் பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு வந்த விடை அது.

கணக்கு எளியது. எழுத்துகளுக்கு ஒரு மதிப்பு உண்டு. ‘ஏ’ 10. அடுத்து வரவேண்டிய 11-ஐத் தாண்டிவிடுவார்கள்; ‘பி’ 12, ‘சி’ 13 என்று போகும். 22, 33 ஆகியவற்றையும் இப்படியே தாண்டுவார்கள். பிறகு முதல் இடத்தை 1-ஆல் பெருக்க வேண்டும். இரண்டாவதை 2-ஆல், மூன்றாவதை 4-ஆல், நான்காவதை 8-ஆல் என்று இரட்டித்துக்கொண்டே போனால் பத்தாவது இடத்துக்கு 512 வரும். எல்லாவற்றையும் கூட்டி 11-ஆல் வகுத்தால் மிஞ்சும் மீதிதான் பதினோராவது எண். மீதி 10 வந்தால் 0 என்று எழுதுவார்கள்.

பாடங்களில் வழக்கமாகக் காட்டும் ஓர் எண்ணைப் போட்டுப் பார்ப்போம்: சி, எஸ், கியூ, யு, 305438. எழுத்துகளின் மதிப்பு 13, 30, 28, 32. பெருக்கிக் கூட்டினால் 6185. பதினொன்றால் வகுத்தால் ஈவு 562, மீதி 3. ஆக, பெட்டியின் கட்டத்துக்குள் 3 இருக்க வேண்டும். இப்போது யார்டில் எண்ணைக் குறிப்பவர் அவசரத்தில் 305438 என்பதை 304538 என்று இடம் மாற்றி எழுதிவிட்டார் என்று வையுங்கள். கூட்டுத்தொகை 6249 ஆகிவிடும், மீதி 1. கட்டத்தில் இருப்பதோ 3. தவறு அங்கேயே பிடிபட்டுவிடும். பெருக்கும் எண்ணை ஒவ்வோர் இடத்துக்கும் இரட்டிப்பது இதற்காகத்தான். எல்லா இடத்தையும் ஒரே எண்ணால் பெருக்கினால் எண்கள் இடம் மாறினாலும் கூட்டுத்தொகை மாறாது. கணக்கு வாயை மூடிக்கொண்டிருக்கும்.

வலைச் செயலி உருவாக்குவதற்கு இலவசமாகப் படிக்க இணையத்தில் எங்கே போவது என்ற கேள்விக்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். கண்டெய்னர் கதவிலிருந்து தொடங்கியதற்குக் காரணம் உண்டு. அந்தப் பதினோராவது எண்ணைச் சரிபார்க்கும் ஒரு சின்ன வலைப்பக்கத்தை எழுதிப் பாருங்கள். எந்தப் பாடம் எங்கே கிடைக்கும், எதை எப்போது படிக்க வேண்டும் என்பதை அந்த வேலையே சொல்லிக்கொடுத்துவிடும்.

பதிவு செய்தவர்களும் முடித்தவர்களும்

திருவொற்றியூரில் ஒரு கல்லூரி மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். அண்ணன் மணலிப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் கணக்கு எழுதுபவர். தங்கைக்கு வலைச் செயலி எழுதக் கற்றுக்கொள்ள ஆசை. தேடுபொறியில் ஒரு வரி தட்டுகிறாள். நூற்றுக்கணக்கான இலவசப் பாடங்கள் வந்து கொட்டுகின்றன. ஐந்தில் பதிவு செய்கிறாள். இரண்டில் முதல் வீடியோவைப் பார்க்கிறாள். மூன்றாம் வாரம் எதையும் திறக்கவில்லை. தன்னால் முடியாது என்று முடிவுகட்டுகிறாள்.

குறை அவளிடம் இல்லை. ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸ் தளத்தில் நடத்திய பாடங்களின் தரவை அலசி 2019-இல் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. பதிவு செய்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பாடத்துக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 2017-18-இல் முடித்தவர்கள் நூற்றுக்குச் சுமார் மூன்று பேர். உலகத்தின் மிகச் சிறந்த ஆசிரியர்கள் இலவசமாக நடத்திய பாடங்களுக்கே இதுதான் கதி.

படிப்பது பற்றிய அறிவியலும் இங்கே ஒன்று சொல்கிறது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தது. இன்னொரு குழு ஒருமுறை வாசித்துவிட்டு, புத்தகத்தை மூடி, நினைவிலிருந்ததை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்த குழு முந்தியது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்த குழு முந்தியது. வீடியோவை ஓடவிட்டுத் தலையாட்டும்போது ‘புரிந்துவிட்டது’ என்று தோன்றுவது அந்த ஐந்து நிமிட வெற்றிதான். நிறுத்திவிட்டு வெற்றுத் திரையில் தானே எழுதிப் பார்க்கும்போதுதான் புரிந்ததும் புரியாததும் தனித்தனியாகத் தெரியும்.

அதனால் நம் மாணவி பாடத்தைத் தேடுவதை நிறுத்திவிட்டுக் கேள்வியைத் தேடட்டும். கேள்வி அண்ணன் வேலையிலேயே இருக்கிறது: ‘இந்தக் கண்டெய்னர் எண் சரியா, தவறா?’

மூன்று சமக்குறி

முதல் மாலை. திரையில் ஒரு பெட்டி வேண்டும், எண்ணைத் தட்ட. ஒரு பொத்தான் வேண்டும், சரிபார்க்க. இவற்றை வரைவது எச்டிஎம்எல்லின் வேலை. ஆங்கிலம் கைவராதவர்கள் இங்கேயே தயங்கி நின்றுவிடுவது வழக்கம். அவர்களுக்குத் தமிழிலேயே ஒரு வாசல் இருக்கிறது. கட்டற்ற மென்பொருள் பற்றி 2012-இலிருந்து தமிழில் எழுதிவரும் ‘கணியம்’ தளத்தில் எச்டிஎம்எல், மைஎஸ்கியூஎல் போன்றவற்றுக்கு ‘எளிய தமிழில்’ என்ற வரிசையில் து. நித்யா எழுதிய மின்னூல்கள் உண்டு. இறக்கிக்கொள்ளக் காசு கிடையாது. நண்பருக்கு அனுப்பவும் தடையில்லை. காதால் கேட்டுப் படிக்கிறவர்களுக்கு ஐஐடி பம்பாயின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ பொருந்தும். சுமார் பத்து நிமிட வீடியோக்கள், பலவற்றுக்குத் தமிழ்க் குரல். பாதித் திரையில் வீடியோ, மீதிப் பாதியில் நாமே செய்து பார்ப்பது அதன் முறை.

இரண்டாம் மாலை. கணக்கு ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு. 11-ஆல் வகுத்தால் மீதி என்ன என்று கேட்க அந்த மொழியில் % என்ற ஒரே குறி போதும். மாணவி எழுதி முடிக்கிறாள். நமக்குத் தெரிந்த எண்ணைத் தட்டிப் பார்க்கிறாள்: 305438, கட்டத்துக்குள் 3. திரை ‘தவறு’ என்கிறது. கணக்கைத் தாளில் மீண்டும் போடுகிறாள். மீதி 3 தான். மறுபடி தட்டுகிறாள். மறுபடியும் ‘தவறு’.

நிரல் எழுதும் எல்லோருக்கும் இப்படி ஒரு மாலை வரும். உலாவியில் எஃப் 12 விசையை அழுத்தினால் பக்கத்தின் வயிற்றுக்குள் பார்க்க ஒரு சன்னல் திறக்கும். அதில் இரண்டு மதிப்புகளையும் அச்சிட்டுப் பார்க்கிறாள். ஒன்று 3. இன்னொன்று மேற்கோள் குறிக்குள் "3". விஷயம் இதுதான்: பெட்டியில் தட்டியது எதுவானாலும் ஜாவாஸ்கிரிப்ட்டின் கையில் அது எழுத்தாகத்தான் வந்து சேரும். கணக்குப் போட்டுக் கிடைத்த மீதியோ எண். இரண்டையும் ஒப்பிட அவள் போட்டது === என்ற மூன்று சமக்குறி. மதிப்பும் வகையும் இரண்டுமே ஒன்றாக இருந்தால்தான் அது ‘ஆம்’ சொல்லும். ஆதார் அட்டையில் பெயர் ஒன்றாக இருந்தும் முன்னெழுத்து வேறாக இருப்பதால் கவுன்ட்டரில் திருப்பி அனுப்புவார்களே, அதே கண்டிப்பு.

இந்தப் பதிலை அவள் எங்கே கண்டுபிடித்தாள்? தேடும் வரியோடு ‘எம்டிஎன்’ என்ற மூன்றெழுத்தையும் சேர்த்துத் தேடினாள். மொசில்லா 2005-இல் தொடங்கிய ஆவணக் களஞ்சியம் அது. எச்டிஎம்எல், பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றின் ஒவ்வொரு குறிக்கும் அங்கே தனிப் பக்கம் உண்டு: என்ன செய்யும், எப்படி எழுதுவது, எந்த உலாவியில் ஓடும். தமிழ்ப் பதிப்பு இல்லை. ஆனால் மாதிரி நிரலைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பெரிய ஆங்கிலம் தேவையில்லை. உலகத்தின் மூத்த நிரலாளர்களும் மறந்துபோனதைத் தேட இந்தப் பக்கங்களுக்குத்தான் வருகிறார்கள்.

ஒரு நாலு மணி நேர வீடியோவின் நடுவே மூன்று சமக்குறி பற்றி யாரோ சொன்னால் அது மறுநாளே மறந்துபோகும். தன் பக்கம் தன்னை ஏமாற்றிய மாலையில் தெரிந்துகொண்டது மறக்காது.

மூல நூல் ஏன் இலவசம்?

இவ்வளவும் ஏன் சும்மா கிடைக்கிறது என்று கேட்டால், அது தற்செயலாக நடந்ததில்லை. இணையத்தின் விதிமுறைகளை ‘ஆர்எஃப்சி’ என்ற ஆவணங்களாக எழுதும் வழக்கம் 1969-இல் தொடங்கியது. அன்று முதல் இன்று வரை யாரும் படிக்கலாம். டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய வைய விரிவு வலையின் மென்பொருளை 1993 ஏப்ரல் 30 அன்று ஜெனீவாவின் செர்ன் ஆய்வகம் பொதுச்சொத்தாக்கியது. எவரும் உரிமத் தொகை இல்லாமல் பயன்படுத்தலாம் என்ற அந்தத் தாள் இல்லாவிட்டால் வலை ஏதோ ஒரு கம்பெனியின் சரக்காகியிருக்கும்.

கண்டெய்னரின் கதையும் பாதி இதேதான். 1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் நெவார்க்கிலிருந்து ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பல் 58 பெட்டிகளோடு ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அனுப்பியவர் லாரி முதலாளி மால்கம் மெக்லீன். ஆளுக்கோர் அளவில் பெட்டி செய்துகொண்டிருந்த காலம் அது. 1960-களில் எல்லோருக்கும் பொதுவான அளவு தேவைப்பட்டபோது மெக்லீன் தன் காப்புரிமைகளைக் கட்டணமில்லாமல் விட்டுக்கொடுத்தார். எந்த ஊர்ப் பெட்டியும் எந்த ஊர்க் கிரேனிலும் மாட்டும் நிலை அதனால் வந்தது. 1983-இல் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் வந்தது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்த் தெருக்களின் முகமே அதற்குப் பிறகு மாறிப்போனது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கண்டெய்னர் எண்ணின் விதியைச் சொல்லும் மூல ஆவணம் ஐஎஸ்ஓ 6346. கணக்கு ஊரறிந்தது, ஆவணத்தைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். எச்டிஎம்எல்லின் மூல ஆவணமோ இன்றைக்குக் காலை திருத்திய வரி வரைக்கும் இலவசம். சாலையில் போகும் பெட்டியின் சட்டப் புத்தகம் விற்பனைக்கு; வலையின் சட்டப் புத்தகம் திறந்து கிடக்கிறது. ‘சீக்ரெட்’ சொல்லித் தருகிறோம் என்று ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்கும் விளம்பரத்தைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம். அவர்கள் விற்பது அறிவு கிடையாது. ஒரு வரிசையும், சந்தேகம் கேட்க ஓர் ஆளும். அவையும் தேவைதான். ஆனால் அவற்றையும் வேறு வழியில் பெறலாம்.

எதற்கு எங்கே போவது

வரிசை வேண்டுமா? 2014-இல் குவின்சி லார்சன் தொடங்கிய ‘ஃப்ரீகோட்கேம்ப்’ உலாவிக்குள்ளேயே சிறு சிறு பயிற்சிகளாகக் கொடுக்கும், சான்றிதழும் இலவசம். கைப்பிடித்து நடத்துவதால் முதல் இரண்டு மாதத்துக்கு ஏற்றது. ‘தி ஓடின் ப்ராஜெக்ட்’ அதற்கு நேர்மாறு: வாசிக்க ஒரு பட்டியல் தந்துவிட்டு, உன் கணினியில் நீயே கட்டு என்று விட்டுவிடும். கொஞ்சம் கால் ஊன்றியவர்கள் இதற்கு வரலாம். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் ‘ஃபுல் ஸ்டாக் ஓப்பன்’ மூன்றாவது படி. நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு மட்டும்.

நம் ஊரிலேயே ஒன்று இருக்கிறது. ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் ‘என்பிடெல்’ திட்டத்தில் பாடம் கேட்பது இலவசம். தேர்வெழுதிச் சான்றிதழ் பெறுவதற்கு மட்டும்தான் கட்டணம். பல பாடங்களின் எழுத்து வடிவத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. சென்னை ஐஐடி 2020-இல் அறிவித்த இணையவழிப் பட்டப்படிப்பில் ‘மாடர்ன் அப்ளிகேஷன் டெவலப்மென்ட்’ என்று ஒரு பாடம்; அதன் விரிவுரைகளை யூடியூபில் யாரும் பார்க்கலாம். வலைச் செயலி என்றால் என்ன, தரவை எங்கே வைப்பது, பாதுகாப்பு எப்படி என்று அடித்தளத்திலிருந்து வரும்.

இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் திறக்க வேண்டாம். கேள்வி வரட்டும், பிறகு போகலாம். அண்ணன் கேட்கிறார்: ‘நேத்து பார்த்த நம்பரெல்லாம் இதுல இருக்குமா?’ இருக்காது. பக்கத்தை மூடினால் எல்லாம் போய்விடும். சேமிக்க வேண்டுமென்றால் தரவுத்தளம் வேண்டும், வழங்கி, அதாவது சர்வர், வேண்டும். ஐஐடி விரிவுரைக்குள் நுழைய இதுதான் வேளை. ‘எஸ்கியூலைட்’ என்ற தரவுத்தளம் பொதுச்சொத்து, அதற்கும் காசில்லை.

கிடைத்த பாடம் நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதலில் தேதியைப் பாருங்கள். ஃபிளாஷ் என்ற பழைய வலைத் தொழில்நுட்பம் 2020-ஆம் ஆண்டு இறுதியோடு செத்துப்போனது. அதைக் கற்றுத்தரும் பக்கங்கள் தேடலில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அடுத்து, சொன்னதை எம்டிஎன்னில் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றாவதாக, விடை தெரிந்த ஓர் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் தமிழிலேயே கேட்டால் முழு நிரலையும் எழுதித் தந்துவிடும். தரட்டும். 305438-க்கு 3 வருகிறதா, 304538-க்கு ‘தவறு’ என்கிறதா என்று போட்டுப் பாருங்கள். 11, 22, 33 ஆகிய எண்களைத் தாண்ட மறந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். சொன்னவர் பேராசிரியரா, இயந்திரமா என்பது சோதனைக்குத் தெரியாது.

மேசையும் ஆளும்

சந்தேகம் கேட்க ஆள்? சென்னையில் லினக்ஸ் பயனர் குழு நெடுங்காலமாகக் கூடிவருகிறது. கணியம் அன்பர்களும் தமிழில் பேசி விளக்கத் தயங்காதவர்கள். கேட்பதற்கு ஒரு முறை உண்டு: ‘வேலை செய்யல, ஹெல்ப் பண்ணுங்க’ என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். என்ன எழுதினேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன வந்தது என்று மூன்று வரி எழுதினால் பதில் வரும். பல நேரம் அந்த மூன்று வரியை எழுதும்போதே பதில் தனக்கே தெரிந்துவிடும்.

கருவிக்கு வழி பல வீடுகளில் அலமாரி மேலேயே இருக்கும். 2011-இலிருந்து தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு ‘பாஸ்’ என்ற இந்திய லினக்ஸும் சேர்ந்து வந்தது. பேட்டரி போயிருக்கும், வேகம் குறைந்திருக்கும். எடை குறைந்த ஒரு லினக்ஸைப் போட்டுச் செருகியில் மாட்டினால் ஜாவாஸ்கிரிப்ட் பழக அது போதும். ரிச்சி தெருவில் அதற்கு விசைப்பலகை மாற்றித் தருவார்கள். கைப்பேசியில் வீடியோ பார்க்கலாம். நிரல் எழுத விசைப்பலகைதான் வேண்டும். ஒரே அறை வீட்டில் மேசைக்கு எங்கே போவது என்பது வடசென்னையின் உண்மையான கேள்வி. நூலகங்கள் ஒரு வழி. கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த ‘முதல்வர் படைப்பகம்’ படிப்பதற்கும் வேலை செய்வதற்கும் இடம் தருகிறது. எண்ணூரிலிருந்து பார்த்தால் அதுவும் தூரம்தான்.

எழுதிய பக்கத்தை உலகுக்குக் காட்டக் கிட்ஹப் போன்ற தளங்கள் இலவசமாக இடம் தருகின்றன. அங்கே ஏற்றியதும் மாணவிக்கு ஒரு வேடிக்கை புரியும். வலையின் பாதி அகராதி அவள் தெருவுடையது. உலாவி வழங்கியோடு பேசும் வாசலுக்குப் பெயரே ‘போர்ட்’. பாதுகாப்பான வலைப்பக்கங்களுக்கு 443-ஆம் எண் வாசல். செயலியையும் அதற்கு வேண்டிய சாமான்களையும் ஒரே பொதியாகக் கட்டி எங்கும் இறக்கும் முறைக்குப் பெயர் ‘கண்டெய்னர்’. அதைப் பரவலாக்கிய மென்பொருள் 2013-இல் வந்த ‘டாக்கர்’. துறைமுகத் தொழிலாளி என்று பொருள். அப்படி ஆயிரம் பொதிகளை மேய்க்கும் ‘குபெர்னெட்டிஸ்’ என்பது கிரேக்கத்தில் மீகாமன், சுக்கான் பிடிப்பவன். பெயர் வைத்தவர்கள் எங்கோ இருந்து துறைமுகத்தைக் கற்பனை செய்தவர்கள். இவளுக்குக் கற்பனை தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் கைப்பேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து, தன் சட்டைப்பையிலிருந்த கேட் சீட்டின் எண்ணைத் தட்டுகிறார். ‘சரி’ என்று வருகிறது. வேண்டுமென்றே ஓர் எண்ணை மாற்றித் தட்டுகிறார். ‘தவறு’ என்று வருகிறது.

“இன்னா பாப்பா, நெஜமாவே கண்டுபுடிக்குது!” என்கிறார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “வெயில்ல நின்னு தட்டிக்கினு இருக்க முடியாது. கதவ ஃபோட்டோ புடிச்சா நம்பர் தானா வராதா?”

மாணவிக்குப் பதில் தெரியாது. மடிக்கணினியைத் திறக்கிறாள்.